செத்த வீட்டுக்கு அனுப்பிய பீவீ

என்னுடைய இரசாயனவியல் கொப்பியை முன்பக்கத்தால் திறந்தால் சமன்பாடுகள் இருக்கும். பின்பக்கத்தால் திறந்தால் 'ம்' இருக்கும். உயர்தரம் படித்த இரண்டு வருடமும், எங்கள் வகுப்புப் பிள்ளைகள் போனில் எழுதும் சுருக்கங்களையெல்லாம் நான் அங்கே குறித்து வைத்தேன். ஒரு 'ம்' என்றால் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு 'ம்' என்றால் சம்மதம். மூன்று என்றால் கோபம், ஆனால் சமாதானத்துக்கு இன்னும் இடமிருக்கிறது. ஒற்றைக் 'கே' வந்தால் கதை முடிந்தது, போனை வைத்துவிட்டுப் படிக்கப் போகலாம். அதே 'கே' இரண்டு தரம் வந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஓர் எழுத்தை இன்னொரு தரம் தட்டுவதற்கு அரைச் செக்கன்கூடப் போகாது. அந்த அரைச் செக்கனுக்குள் எங்கிருந்து இவ்வளவு அன்பு வந்து சேருகிறது என்று அறிய எனக்கு உண்மையாகவே ஆசையாக இருந்தது.

இந்த ஆராய்ச்சியில் நான் கண்டுபிடித்த பெரிய விதி ஒன்று உண்டு. கிட்டத்து ஆளுக்குச் சொல் சின்னது, தூரத்து ஆளுக்குச் சொல் பெரியது. அதிபருக்கு மெசேஜ் போடும்போது 'வணக்கம்' என்பதில் ஒரு புள்ளியையும் விடமாட்டோம். உயிர்ச் சிநேகிதிக்கு ஒரு வசனமே இரண்டு எழுத்துதான்.

எனக்கு அப்படி ஒரு சிநேகிதி இருந்தாள். நான் உடுப்பிட்டி, அவள் தொண்டைமானாறு. எங்கள் இருவருக்கும் மட்டும் விளங்கும் ஒரு சொல் இருந்தது. கதைத்துக்கொண்டிருக்கும்போது அவளுடைய அம்மா கூப்பிட்டால், "போட்டு வாறன்" என்று அவள் எழுதிவிட்டுப் போவாள். யாழ்ப்பாணத்தில் யாரும் 'போகிறேன்' என்று சொல்லிப் போவதில்லை, போனாலும் வருவேன் என்றுதான் சொல்லவேண்டும். அந்த வசனம் தேய்ந்து தேய்ந்து ஆங்கிலத்தில் இரண்டே எழுத்தானது: பீ, வீ. நாளுக்குப் பத்துத் தரம் பீவீ போடுவோம். குளிக்கப் போனால் பீவீ, சாப்பிடப் போனால் பீவீ. யார் பீவீ போட்டாலும் மற்றவள் 'வா' என்று பதில் போடவேண்டும் என்பது சட்டம்.

அவளுடைய அப்பா ஓட்டோ வைத்திருந்தார். சந்நிதி கோயிலுக்கு வரும் சனங்களை ஏற்றி இறக்குவார். பின்னேரங்களில் எங்கள் இருவரையும் நெல்லியடிக்கு ரியூசனுக்கு ஏற்றிப் போவார். பின்சீற்றில் பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டு நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் மெசேஜ் போட்டுச் சிரிப்போம். அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஏன் பிள்ளையள், வாய் ரெண்டையும் வாடகைக்குக் குடுத்திட்டியளோ?" என்று கேட்பார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மகளின் போனுக்குக் காசு கட்டி ரீலோட் போட்டுவிடுவதும் அவர்தான். திட்டிக்கொண்டே போடுவார்.

இனி என்னுடைய மற்றத் தொழிலைச் சொல்லவேண்டும். நான் வகுப்பின் நம்பிக்கை மொத்த வியாபாரி. பொசிட்டிவாக இருப்பது எப்படி என்று நிறைய வீடியோ பார்த்திருந்தேன். விடிய ஐந்தரைக்கு எழும்பி, கடலில் சூரியன் உதிக்கும் படமொன்றைத் தேடி எடுத்து, அதில் 'இன்று உன்னுடைய நாள்' என்றோ 'சோராதே, சிரி' என்றோ எழுதி வகுப்புக் குரூப்பில் போடுவேன். எல்லோருக்கும் எரிச்சல். "உவளுக்கு விடியவே தொடங்கீட்டுது" என்று ஒருத்தி குரலில் பதிந்தே அனுப்பினாள். நான் விடவில்லை. நல்ல சொல் காதில் விழுந்துகொண்டே இருந்தால் ஒரு நாளைக்கு மனத்திலும் விழும், அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நம்பினேன். அப்போது எனக்குப் பதினேழு வயது. ஒருவரையும் சாகக் கொடுத்தது கிடையாது.

ஒரு புதன்கிழமை காலை அவளுடைய அப்பா ஓட்டோவைக் கழுவிக்கொண்டு நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். ஆசுபத்திரிக்குப் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் வகுப்பு முழுவதும் வெள்ளைச் சட்டையோடு செத்த வீட்டுக்குப் போனோம். போகமுன் வகுப்பு ரீச்சர் எங்களை மரத்தடியில் நிறுத்திச் சொன்னார்: "பிள்ளையள், அங்கை சிரிக்கக் கூடாது. போன் எடுக்கக் கூடாது. வெளிக்கிடேக்கை ஒருத்தரும் போட்டு வாறன் எண்டு சொல்லக் கூடாது. சொல்லாமல் எழும்பி வரவேணும். விளங்கினதோ?" எல்லோரும் "ஓம் ரீச்சர்" என்றோம். எனக்கு இது தெரியாததல்ல. செத்த வீட்டில் வருவேன் என்று சொல்வது இன்னொரு சாவுக்கு வருவேன் என்று சொல்வது போல. சின்ன வயதில் இருந்து கேட்ட சங்கதிதான்.

அவள் அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். கனடாவில் இருக்கும் சித்தப்பாவுக்கு யாரோ ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்து எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருந்தார். நான் அவளுக்கு முன்னால் போய் இருந்தேன். நூறு நாள் நூறு வாக்கியம் அனுப்பியவள் நான். அங்கே எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. கையைப் பிடித்தேன், அது குளிர்ந்து போய் இருந்தது. கொஞ்ச நேரத்தில் ரீச்சர் கண்ணைக் காட்டினார். எல்லோரும் எழும்பி, ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தோம்.

வாசல் படலைக்கு வெளியே செருப்பைத் தேடும்போது திரும்பிப் பார்த்தேன். அவள் மடியில் போனோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் சைக்கிளை எடுக்கும் நேரத்துக்குள் என் கை போனை எடுத்தது. பெருவிரல் தானாகவே இரண்டு எழுத்தைத் தட்டியது. மெசேஜ் போனதும்தான் பார்த்தேன்: பீவீ.

அழிக்கலாம் என்று விரலை வைத்தேன். அதற்குள் இரண்டு சரிக்குறியும் நீலமாகிவிட்டன. அவள் பார்த்துவிட்டாள். 'வா' என்று பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து கிணற்றடியில் தோய்ந்துவிட்டு, ஈரத் தலையோடு அம்மாவிடம் போனேன்.

"அம்மா, செத்த வீட்டிலை தெரியாமல் போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டா என்ன நடக்கும்?"

"சொல்லவே கூடாது பிள்ளை. ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் இல்லை. சும்மா கேட்டனான்."

"உனக்கு உந்தச் சும்மாக் கேள்வியளுக்கு ஒரு குறைச்சலும் இல்லை. போய்த் தலையைத் துடை."

அன்றிலிருந்து எனக்குள் ஒரு வழக்கு நடந்தது. வாயால் சொன்னால்தான் குற்றமா, எழுதினாலும் குற்றமா? படலைக்கு வெளியே நின்று எழுதினால்? தெய்வத்துக்கு எங்கள் சுருக்கெழுத்து விளங்குமா? உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த ஒரு சொல்லை யமன் எப்படி வாசிப்பான்? இதெல்லாம் பகிடியாகத்தான் தொடங்கியது. கொப்பியின் பின்பக்கத்தில் கேள்விகளாகவே எழுதிப் பார்த்தேன். பதினோராம் நாள், அவளுடைய அம்மாவை டெங்குக் காய்ச்சலென்று ஆசுபத்திரியில் மறித்துவிட்டார்கள் என்று வகுப்புக் குரூப்பில் செய்தி வந்தது. அதோடு பகிடி நின்றுவிட்டது.

நான் பயந்து போனேன். இவ்வளவு காலமும் சொல்லுக்குப் பலன் உண்டு, நல்லதைச் சொன்னால் நல்லது நடக்கும் என்று ஊருக்கே ஓதியவள் நான். அப்படியென்றால் கெட்டதைச் சொன்னால்? ஒரு பக்கத்தை நம்பிவிட்டு மற்றப் பக்கத்தை மூட நம்பிக்கை என்று தள்ள முடியவில்லை. வகுப்புப் பிள்ளைகள் ஆசுபத்திரிக்குப் பார்க்கப் போனார்கள். நான் தலையிடி என்று சொல்லி நின்றுவிட்டேன். வருவேன் என்று சொல்லித்தான் இந்த வினை வந்தது, போயும் காட்டவேண்டுமா என்று நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "உன்னாலைதான்" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் உள்ளே இருந்த உண்மையான பயம்.

ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே பரிகாரத்தைச் செய்தேன். ஒவ்வொரு நாளும் விடிய அவளுக்குத் தனியாக ஒரு சூரியன் அனுப்பினேன். 'இதுவும் கடந்து போகும்.' 'நீ தைரியசாலி.' 'மனம் தளராதே.' சொற்களைத் தேடித் தேடி எடுத்தேன். முதலில் பதில் இல்லை. அவளுடைய அம்மா சுகமாகி வீட்டுக்கு வந்த அன்றைக்கு ஒரு பதில் வந்தது.

'நன்றி.'

முழுத் தமிழில், புள்ளி வைத்து, முற்றுப்புள்ளியோடு. மூன்று வருடத்தில் அவள் எனக்கு ஒரு சொல்லுக்கும் முற்றுப்புள்ளி வைத்ததில்லை. என்னுடைய விதிப்படி அதிபருக்கும் பொலிசுக்கும்தான் இப்படி எழுதுவோம். ஒற்றைக் 'கே' வந்திருந்தால்கூடச் சந்தோசப்பட்டிருப்பேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சூரியனுக்கும் அதே 'நன்றி.' வந்தது. ரியூசன் தொடங்கியபோது அவள் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் வரவில்லை. படிப்பை விட்டுவிட்டுக் கடைக்கு வேலைக்குப் போகப் போகிறாள் என்று ஒருத்தி சொன்னாள். எனக்கு இரவெல்லாம் நித்திரை வரவில்லை. ஆனாலும் உடுப்பிட்டியிலிருந்து தொண்டைமானாற்றுக்குச் சைக்கிள் ஓடவில்லை. இருபது நிமிச ஓட்டம்.

முப்பத்தோராம் நாள், அவளுடைய அப்பாவின் அந்தியேட்டிக் கிரியை. எனக்கு அன்றைக்கும் தலையிடி வரத் தொடங்கியது. அம்மா விடவில்லை. "அந்த மனிசன் உன்னை எத்தினை நாள் ஏத்தி இறக்கினது? ஒரு நேரம் போய்ச் சாப்பிட்டிட்டு வர ஏலாதோ? எழும்படி!" என்று கலைத்துவிட்டார்.

பந்தல் போட்டிருந்தார்கள். சனம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவருடைய படம் போட்டு நினைவாக அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தை வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். படத்தில் அவர் முழுக்கைச் சட்டை போட்டு, யாரோ போலச் சிரிக்காமல் இருந்தார். ஓட்டோ வீட்டின் பக்கத்தில் தறப்பாளால் மூடிக் கிடந்தது. சிநேகிதி சாம்பார் வாளியோடு வந்தாள். என்னைக் கண்டதும் வாளியை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு, "வா" என்று கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மெலிந்திருந்தாள். நான் அழத் தொடங்கிவிட்டேன்.

"அம்மாக்குக் காய்ச்சல் வந்தது என்னாலைதானடி. நான் அண்டைக்குத் தெரியாமல் பீவீ போட்டிட்டன். கை பழக்கத்திலை போட்டிட்டன். சத்தியமா வேணுமெண்டு செய்யேல்லை."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உனக்கு விசரே? ஒழுங்கை முழுக்க டெங்கு. பக்கத்து வீட்டிலை மூண்டு பேருக்கு."

"அப்ப ஏன் நன்றி எண்டு போட்டனீ?"

"வேறை என்னத்தைப் போட? நீ என்ன அனுப்பினனீ எண்டே எனக்குத் தெரியாது."

போனை எடுத்துக் காட்டினாள். எங்கள் கதை நடந்த இடத்தில் மேலிருந்து கீழாகப் பெட்டி பெட்டியாக மங்கல். ஒவ்வொரு பெட்டிக்கும் நடுவில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. நான் அனுப்பிய ஒரு சூரியனும் உதிக்கவில்லை. படம் திறக்க டேற்றா வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ரீலோட் போடுகிற ஆள் போய் ஒரு மாதமாகிறது. எழுத்து மட்டும் வந்து போகும் அளவுக்கு அவளிடம் ஏதோ இருந்திருக்கிறது. நானோ ஆறுதலையெல்லாம் படத்தின் மேல் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். இதை ஒரு நாளாவது நினைத்துப் பார்த்தேனா என்று எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

அவள் விரலால் மேலே தள்ளித் தள்ளிப் போனாள். மங்கல் பெட்டிகள் முடிந்தன. அதற்கு மேல், செத்த வீட்டு நாளில், இரண்டு எழுத்து தெளிவாக இருந்தது.

"அண்டைக்கு எவ்வளவு சனம் வந்தது. எல்லாரும் சொல்லாமல் போயிட்டினம். அது முறைதான், எனக்குத் தெரியும். அப்பாவும் சொல்லாமல்தான் போனவர். நீ ஒருத்திதான் வாறன் எண்டு சொன்னனீ." போனை அணைத்தாள். "நான் ஒவ்வொரு நாளும் படலையைப் பாத்தனான். ஏன் வரேல்லை?"

இரண்டு பேரும் கிணற்றுக் கட்டிலே குந்தியிருந்து அழுதோம். பிறகு அவள் முகத்தைக் கழுவிவிட்டு, சாம்பார் முடியப் போகிறது என்று சொல்லி என்னைச் சாப்பிட இருத்தினாள். வாழையிலையில் ஒன்றுக்கு இரண்டாக வடை வைத்தாள்.

வெளிக்கிடும் நேரம் வந்தது. அந்தியேட்டி வீட்டில் போட்டு வாறன் என்று சொல்லலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. எதையும் கேட்டு எழுதி வைக்கிற எனக்கு அந்த ஒரு கேள்வி அன்றைக்குத் தேவைப்படவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு படலையில் நின்று, சாப்பிட்டுக்கொண்டிருந்த சனத்துக்கும் கேட்கும்படி, ஓர் எழுத்தும் சுருக்காமல் சொன்னேன்.

"போட்டு வாறன்."

இரண்டு மூன்று கிழவர்கள் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். அவளுடைய அம்மா படியில் நின்றபடி தலையை ஆட்டினார். 'வா' என்று பதில் வரவேண்டும் என்பது எங்கள் சட்டம். அவள் அதைச் சொல்லவில்லை. படலை வரைக்கும் வந்து, சைக்கிளின் பிடியில் கையை வைத்து என்னை மறித்தாள்.

"எப்ப?" என்று கேட்டாள்.