குடைக்கம்பி அம்பும் இங்கிலாந்து ராஜாவும்

அன்று பிற்பகல் இலஞ்சித் தேங்காய்க் குடோனில் இருந்தவர்கள் ஏழு பேர். ராஜா வேஷம் கட்டிய லாரி டிரைவர். அவருடைய தம்பிமார் இரண்டு பேர், எதிரிப் படை வீரர்களாக வந்தவர்கள். ராணி வேஷக்காரர், தென்காசியில் காப்பிக் கடை வைத்திருந்தார். நாடகத்தை எழுதிய பத்திர எழுத்தர். ஆர்மோனியக்காரர். ஏழாவது ஆள் நான்: எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவன், குடை ரிப்பேர் செய்து பிழைத்தவன், ராஜாவின் மேல் அம்பு விட வேண்டியவன். வேறு யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. பிற்பாடு கேட்டவர்களுக்கெல்லாம் இதே வரிசையில்தான் சொல்லியிருக்கிறேன். ஒரு ஆளைக் கூட்டிச் சொல்லிவிட்டேனோ, குறைத்துச் சொல்லிவிட்டேனோ என்று வீட்டுக்கு வந்து திரும்ப எண்ணியும் இருக்கிறேன்.

தென்காசிக்காரர்களுக்கு இங்கிலாந்து ராஜா எதற்கு என்று கேட்கலாம். எல்லாம் சட்டையால் வந்தது. நொடித்துப்போன ஒரு நாடகக் கம்பெனி கிளம்பும்போது தன் பெட்டிகளை ஏலம் விட்டது. எழுத்தர் ஒரு பெட்டியைத் திறந்து பார்க்காமலே எடுத்துவிட்டார். உள்ளே முழுக்க வெல்வெட் அங்கிகள், இறகு வைத்த தொப்பிகள், முழங்கால் வரை ஏறும் பூட்ஸுகள். அதைப் போட்டுக்கொண்டு நம்மூர் ராஜா யாரும் வர முடியாது. அதனால் ஐம்பதுகளின் கடைசியிலிருந்து எங்கள் நாடக சபாவில் இங்கிலாந்து ராஜாக்கள்தான் செத்துக்கொண்டிருந்தார்கள். குற்றாலத்தில் சீசன் சமயம் கொட்டகை போடுவோம். அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருகிறவர்களுக்கு வெட்டும் குத்தும் இருந்தால் போதும்.

எனக்கு வசனம் கொடுக்க மாட்டார்கள். பயத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஈட்டி பிடித்து நிற்பேன். நிற்கிற வேலைக்கே, யாராவது எழுந்து "நீ யாருலே, எதுக்கு நிக்குத?" என்று கேட்டுவிடுவார்களோ என்று கவலை. அதனால் ஒவ்வொரு நாடகத்துக்கும் முன்னால் நூல்நிலையத்துக்குப் போய், அங்கிருந்த பழைய தமிழ்ச் சரித்திரப் பாடப் புத்தகத்தில் அந்த ராஜா எப்படி வாழ்ந்தான், எப்படிச் செத்தான் என்று பார்த்துவிடுவேன். எழுத்தருக்கு அது பிடிக்காது. முந்தின வருஷம் போட்ட நாடகத்தில் ஒரு ராஜா விஷக் கோப்பையைக் குடித்து, அரை மணி நேரம் ராணியைச் சபித்துவிட்டுச் சாவான். புத்தகத்தில் பார்த்தால் அந்த மனுஷன் வயிற்றுப்போக்கில் போய்ச் சேர்ந்திருக்கிறான். போய்ச் சொன்னேன்.

"ஏம்வே, பேதியில செத்தான்னு மேடையில எப்படிவே காட்ட? நீரே வந்து காட்டும், பாப்போம்" என்றார் எழுத்தர்.

ராணி வேஷக்காரர், "செம்பு நான் தாரேன்" என்றார். ஒத்திகை அன்றைக்கு அதோடு நின்றுபோயிற்று, சிரிப்பில்.

அந்த வருஷத்து நாடகம், பேதியில் செத்த ராஜாவின் அண்ணனைப் பற்றியது. பெரிய சண்டைக்காரன், சிலுவைப் போர்களுக்கெல்லாம் போனவன். எழுத்தரின் நாடகத்தில் அவன் கோட்டை வாசலில் பதினோரு பேரை வெட்டி, பன்னிரண்டாவது ஆளோடு நேருக்கு நேர் மோதி, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் குத்திக்கொண்டு விழுவார்கள். வெட்டுப்படுகிற ஒவ்வொருவன் இடுப்பிலும் சாயத் தண்ணீர் நிரப்பிய ஆட்டு மூத்திரப்பை இருக்கும். கத்தி பட்டதும் பீச்சும். முன் வரிசையில் இருப்பவர்கள் வேட்டியில் தெறித்தால் கைதட்டல் இரண்டு மடங்கு.

புத்தகத்தில் பதினோரு பேரும் இல்லை, பன்னிரண்டாவது ஆளும் இல்லை. ஒரு சின்னக் கோட்டை. ராஜா சாயங்கால வேளையில் கவசம் போடாமல் சுற்றிப் பார்க்க வருகிறான். மதிலுக்கு மேலே ஒருத்தன், கேடயம் கிடைக்காமல், பொரிக்கிற சட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு விசை வைத்த வில்லோடு நிற்கிறான். ராஜா அவனைப் பார்த்துச் சிரித்து, கை தட்டுகிறான். அந்தச் சட்டிக்காரன் விட்ட அம்பு தோளில் ஏறுகிறது. வைத்தியன் தோண்டி எடுக்கும்போது சதையைச் சின்னாபின்னமாக்குகிறான். புண் அழுகி, பன்னிரண்டு நாள் கிடந்து ராஜா சாகிறான். சாகும் முன் அம்பு விட்டவனைக் கூப்பிட்டு மன்னித்து, பணம் கொடுத்து அனுப்பச் சொல்கிறான். ராஜா கண்ணை மூடியதும், அவனுடைய ஆட்கள் அந்தச் சட்டிக்காரனைப் பிடித்து உயிரோடு தோலை உரித்தார்கள் என்று போட்டிருந்தது.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். குடோனில் எல்லோருக்கும் சொன்னேன். தோல் உரித்த இடம் வந்ததும் எங்கள் லாரி டிரைவர் ராஜாவின் தம்பிமார் இரண்டு பேரும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்கள்.

"எளவு, இதுல்லாலே நாடகம்!" என்று ராஜா எழுந்துவிட்டார். "வெட்டிக்கிட்டுச் சாவுதது எல்லாப் பயலும் சாவுததுதான். கை தட்டிக்கிட்டே அம்ப வாங்குதான் பாரு, அவன் ராஜா. இதையே வைப்போம் அண்ணாச்சி."

"தோசைக்கல்ல தூக்கிக்கிட்டு மேடையில ஒருத்தன் நிப்பானா? ஜனங்க சிரிக்கும்" என்றார் எழுத்தர்.

"சிரிச்சுக்கிட்டு இருக்கும்போதே அம்பு வந்து விழணும். சிரிப்பு அப்படியே தொண்டையில நிக்கும்."

எழுத்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராணி வேஷக்காரர் கடையிலிருந்து தோசைக்கல் கொண்டு வந்தார். சட்டிக்காரன் வேஷம் எனக்கு. வசனம் இல்லை என்பதால் ஒப்புக்கொண்டேன்.

வில்லையும் நானே செய்தேன். ஒரு கட்டையின் குறுக்கே மூங்கில், நாணுக்கு சைக்கிள் டியூப், கீழே ஒரு விசை. அம்புக்குக் குடைக்கம்பி. கம்பியின் நுனியை அரத்தால் ராவிக் கூராக்கி, மருந்துக் குப்பியின் தக்கை ஒன்றைச் செருகி, தச்சர்கள் வைத்திருக்கிற வஜ்ரப் பசையால் ஒட்டினேன். தக்கை நெஞ்சில் பட்டு விழும். ராஜா சாயப்பையை அமுக்குவார். நாலு தடவை குடோன் சுவரில் விட்டுப் பார்த்தேன். தக்கை அசையவில்லை.

ஆனால் அது சாரல் காலம். மேற்கே மலை தெரியாமல் நாலு நாளாகத் தூற்றல். சாரலில் வஜ்ரப் பசை இளகும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. குடையில் நான் எதையும் ஒட்டியதே இல்லை. எல்லாம் நூலால் தைத்துத்தான் கட்டுவேன். ஊரெல்லாம் குடை ரிப்பேருக்குக் கொண்டு வந்து குவிக்கிற மாதம், கை ஓயவில்லை. தக்கையைத் தைக்க நேரமில்லை என்று ஒட்டினேன். வேறொரு காரணமும் கிடையாது.

அன்று பிற்பகல் ஒத்திகையில் ராஜா வெல்வெட் அங்கியைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். நான் தேங்காய் மூட்டைகளின் மேல், இடது கையில் தோசைக்கல்லோடு. அவர் என்னை அண்ணாந்து பார்த்து, நிஜமாகவே சிரித்து, கை தட்டினார். விசையை இழுத்தேன். தக்கை பாதி வழியிலேயே கழன்று கீழே உருண்டது. அது உருண்டதை நான் பார்த்தேன். அதற்குள் கம்பி இடது தோளுக்குக் கீழே ஏறிவிட்டது.

ஆர்மோனியக்காரர் வாசிப்பை நிறுத்தவில்லை. தம்பிமார் கைதட்டினார்கள். ராஜா இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்து, "ஏலே, நெசமாலே குத்திட்டுலே" என்றார். சாயம் ரோஸ் நிறம். அங்கியில் பரவியது கறுப்பாக இருந்தது. இளைய தம்பி ஓடி வந்து கம்பியைப் பிடித்து இழுத்தான். குடைக்கம்பி வளையும், பிறகு ஒடியும். ஒடிந்த பாதி அவன் கையில் வந்தது.

மூத்த தம்பி மூட்டை மேல் ஏறி, என் கையிலிருந்த தோசைக்கல்லைப் பிடுங்கி அதாலேயே என்னை அடித்தான். முதல் அடியில் இரண்டு பல் போயிற்று. அடுத்தது காதில். கீழே விழுந்த பிறகு எத்தனை என்று எண்ணவில்லை. ராஜாதான் சுவரில் சாய்ந்தபடியே, "விடுலே, விடு. அவன் என்னலே செய்வான்" என்று கத்தி நிறுத்தினார்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகும் என்றார் எழுத்தர். நாடகத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவர் எலும்பும் கட்டுவார் என்று அவரிடம் கொண்டுபோனார்கள். அவர் ராஜாவைக் கல்லில் மல்லாக்கப் போட்டு, தம்பிமார் இரண்டு பேரையும் மேலே உட்காரச் சொல்லி, முதலில் விரலாலும் பிறகு குறட்டாலும் தோண்டினார். அந்தக் குறடு என்னுடையது. என் குடைப் பையிலிருந்து எடுத்தது. கம்பி வந்தது, அதோடு சதையும் வந்தது. ராஜா போட்ட சத்தத்தில் அருவிக்குப் போய்க்கொண்டிருந்த ஆட்கள் நின்று பார்த்தார்கள். காயத்தில் மஞ்சளும் எண்ணெயும் வைத்துக் கட்டி அனுப்பினார்.

நாலாம் நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் தோள் பானை மாதிரி வீங்கியது. நான் தினமும் போய் வாசலில் நிற்பேன். தம்பிமார் இல்லாத நேரம் பார்த்து உள்ளே போவேன். அறைக்குள் நுழைவதற்கு முன்பே நாற்றம் வரும். நாடகத்தில் யாரும் நாறிச் செத்ததில்லை. எழுத்தரின் ராஜாக்கள் சாகும்போது மூன்று பக்கம் பேசுவார்கள். எங்கள் ராஜா, "தண்ணி" என்பார், குடித்தால் வாந்தி எடுப்பார்.

ஏழாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "புஸ்தகத்துல ராஜா அவன மன்னிச்சாம்லா? நானும் மன்னிச்சாச்சுலே. போ, பயப்படாத" என்றார். கை கொதித்தது.

அவர் அதைச் சொன்னதும்தான் எனக்கு மீதிக் கதை ஞாபகம் வந்தது. மன்னித்த பிறகுதானே புத்தகத்தில் ராஜா செத்தான்.

வெளியே வந்தபோது தம்பிமார் இரண்டு பேரும் நின்றார்கள். மூத்தவன் என் சட்டையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துப்போனான். இளையவன் என் வலது கையைத் துவைகல்லில் வைத்து, மேலே காலை ஊன்றி நின்றான். இரண்டு விரல் ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது.

"நாள எண்ணிக்கோலே" என்றான் மூத்தவன். "எங்க அண்ணன் செத்தாம்னா, நீ சொன்னியே, அதேதான். ஒன் தோல உரிச்சு, ஒன் குடைக்கே துணியாப் போட்டுருவேன். மழையில பிடிச்சுக்கிட்டுப் போவேன்."

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்தக் கதையை அவர்களுக்கு நான்தான் இரண்டு தடவை சொல்லியிருந்தேன்.

எழுத்தரிடம் ஓடினேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று அழுதேன். "இன்னும் ரெண்டு நாள் பாப்போம்வே, வீக்கம் வத்திரும்" என்றார். அவருக்குக் கேஸ் பயம். எனக்கு அதைவிடப் பெரிய பயம் இருந்தது. எட்டாம் நாள் காலையில் நூல்நிலையத்தில் அந்தப் புத்தகத்தை வேட்டி மடிப்பில் வைத்துத் திருடிக்கொண்டு நேராகத் தம்பிமாரிடம் போனேன். அடிக்கத்தான் செய்தார்கள். அடி வாங்கிக்கொண்டே பக்கத்தைத் திறந்தேன். இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியாது. நான் வாசித்தேன்: சதையைக் குதறிய வைத்தியன், அழுகல், பன்னிரண்டாம் நாள்.

"அங்கயும் இதே மாதிரிதான் தோண்டியிருக்காங்க. இன்னைக்கு எட்டு" என்றேன். "இன்னும் நாலு நாள்தான் இருக்கு. அதுக்கு அப்புறம் என் தோலை உரிச்சு என்ன பண்ணப் போறீங்க?"

மூத்தவன் அந்தப் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான், எழுத்து புரிகிறவன் போல. பிறகு லாரியை எடுத்தான்.

தென்காசி ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்துவிட்டு எங்கள் எல்லோரையும் கெட்ட வார்த்தையில் திட்டினார். தோளைக் கீறி, ஒரு கிண்ணம் நிறையச் சீழ் எடுத்தார். நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் பென்சிலின் ஊசி. பன்னிரண்டாம் நாள் முழுக்க நான் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். எதிரே தம்பிமார் உட்கார்ந்திருந்தார்கள். பதிமூன்றாம் நாள் காலையில் ராஜா காப்பி கேட்டார்.

போலீஸ்காரர் வந்து விசாரித்தபோது ராஜா, "குடை மேல விழுந்துட்டேன்யா" என்றார். போலீஸ்காரர் என் ஒடிந்த விரல்களையும் பொக்கை வாயையும் பார்த்து, "நீயும் அதே குடை மேல விழுந்தியாக்கும்?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

நாடகம் இதற்கிடையில் தள்ளிப்போய், சீசன் முடியும் வாரத்தில் நடந்தது. எழுத்தரே ராஜா. பழையபடி பதினோரு பேரை வெட்டினார். நல்ல கைதட்டல். நான் பின்னால் நின்று பார்த்தேன். இரண்டாவது ஆள் வெட்டுப்பட்டதும் வெளியே போய்விட்டேன்.

ராஜாவின் இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. லாரி ஸ்டியரிங் பிடிக்க முடியாது. சாதிப் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து, நான் நானூறு ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தீர்த்தார்கள். கையெழுத்துப் பத்திரத்தை எழுத்தரே எழுதினார். கூலி கேட்கவில்லை. மாதம் பத்து ரூபாய், மழை இல்லாத மாதம் ஐந்து. ஒடிந்த விரல்கள் கோணலாகக் கூடியிருந்தன. குடை தைக்க முன்னை விட நேரம் பிடித்தது. ஆனாலும் ஒரு மாதம் தவறவில்லை. தவறினால் என்ன ஆகும் என்று தெரியும். ராஜா வீட்டு வாசலிலேயே ஒரு பெட்டிக்கடை வைத்துவிட்டார். அங்கேதான் கொண்டுபோய்க் கொடுப்பேன். தம்பிமார் பக்கத்தில் நின்று நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள்.

நாலாவது வருஷம், கடைசியாக இருந்த பாக்கியை மொத்தமாகச் சேர்த்து எடுத்துக்கொண்டு போனேன். தலையிலிருந்து இறக்கி வைத்துவிடலாம் என்ற சந்தோஷம். தம்பிமார் இல்லை. ராஜா பணத்தைப் பார்த்துவிட்டு, வலது கையால் என் பக்கமே தள்ளினார்.

"இத எடுத்து மடியில வைலே. மொதல்ல வை."

"ஏன் அண்ணாச்சி?"

"மடையா, கணக்கு தீந்துதுன்னா அவனுவளுக்கு ஒங்கிட்ட என்னலே மிச்சம்? ஒன் தோலு மட்டும்தான். ராத்திரி குடிச்சிட்டு இன்னும் அதத்தான் பேசுதானுவ. பாக்கி இருக்குத வரைக்கும் தொட மாட்டானுவ. தரவேண்டியவன எவனாவது கொல்லுவானா? நீ குடுக்காத. நான் கேக்கவும் மாட்டேன்."

அவர் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. நெஞ்சுவலி, தோள் இல்லை. தம்பிமார் இருக்கிறார்கள். மூத்தவனைத் தென்காசி பஸ் நிறுத்தத்தில் பார்க்க நேரும். "என்னலே, பாக்கி எப்ப?" என்பான். "அடுத்த மாசம் தாரேன்" என்பேன். என்னிடம் பணம் இருக்கிறது; கொடுப்பதாக இல்லை. கேட்கிறவன் வாய் திறக்கும் முன்பே தொகை என் நாக்கில் வந்து நிற்கும்: அறுபத்தைந்து ரூபாய்.