உடம்புக்குள் புளியமரம் தெரிந்த ஆள்

படம் பிடிக்கிற தொழிலில் ஆளை எதிரே கொண்டுவந்து நிறுத்துவது பெரிய காரியமில்லை. பத்து எண்ணி முடிக்கிற வரைக்கும் அவரை அசையாமல் வைப்பதற்குள் நம் ஆவி போய்விடும். நீங்களும் மூன்றுகால் பெட்டியைத் தோளில் சுமந்தவராக, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டுப் பிழைத்தவராக இருந்தால், இதைப் படிக்கிறபோதே தலையை ஆட்டுவீர்கள்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கொல்லிமலைக்கு அப்போது ரோடு கிடையாது. வாரத்தில் ஒருநாள் அடிவாரச் சந்தையில் ஒரு புளியமரத்துக்கு எதிரே கடை போடுவேன். இன்னொரு நாள் பெட்டியோடு மலையேறி, செம்மேட்டுச் சந்தையில் போடுவேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் படிப்பு. ஆனால் யார் என்ன பேசினாலும் காதில் அப்படியே நின்றுவிடும். அந்தக் காதை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

மூச்சு

பெட்டியின் முன்னால் ஒரு மூடி இருக்கும். அதைக் கழற்றினால் வெளிச்சம் உள்ளே போகும். பத்து எண்ணி மூடிவிட வேண்டும். மலையில் பனிமூட்டம் இருந்தால் பதினைந்துகூட ஆகும். பிறகு பெட்டிக்கு உள்ளேயே, சட்டைக்கை மாதிரி தொங்குகிற துணியில் கையை விட்டு, கிண்ணத்து மருந்தில் காகிதத்தைக் கழுவி எடுக்க வேண்டும். ஆள் அங்கேயே காத்திருந்து ஈரப்படத்தைக் கையில் வாங்கிக்கொண்டு போவார்.

முதன்முதலாகச் செம்மேட்டில் என் எதிரே நின்றவர் சாமை விற்க வந்த ஒரு பெரியவர். "அசையாம நில்லுங்க" என்றேன். நின்றார். எண்ணி முடித்து, மூடியைப் போட்டு, காகிதத்தைக் கழுவிக்கொண்டே எட்டிப் பார்க்கிறேன், மனுஷன் முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்விட்டது. கண் இரண்டும் பிதுங்கி நிற்கிறது. பதறிப்போய் ஓடித் தோளைப் பிடித்து உலுக்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க, உள்ள போன மூச்ச வெளிய உட்டுக்கலாமுங்களா, இல்ல அதும் பொட்டிக்குச் சேந்ததுங்களா?"

கரும்படம்

முதலில் வருவது கரும்படம். முகம் கறுப்பாக, தலைமயிர் வெள்ளையாக, கண்ணுக்குள் வெள்ளைப் பொட்டாக இருக்கும். அதை மறுபடி பெட்டிக்கு முன்னால் வைத்துப் பிடித்தால்தான் சரியான படம் கிடைக்கும். விவரம் தெரியாத நாளில் ஒரு கரும்படத்தைக் கல்லின்மேல் காய வைத்துவிட்டேன். மிளகு மூட்டையோடு வந்த ஒருவன் அதில் தன் முகத்தைப் பார்த்தான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. குந்தி உட்கார்ந்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அதிலிருந்து மலையில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. படம் வாங்குகிறவர் கண்ணெதிரிலேயே கரும்படத்தை நான் கிழித்து அடுப்பில் போட வேண்டும். அப்போதுதான் இடத்தைவிட்டு நகருவார்கள். அன்றைக்கு அவன் எழுந்து போகும்போது சொன்னது இது: "எங்கப்பன மண்ணுல எறக்கறப்ப, இந்த மொகந்தானுங்க இருந்துச்சு."

கயிற்றுப் படங்கள்

சிலரிடம் கேட்டு இரண்டாவது பிரதி ஒன்று எடுத்து வைத்துக்கொள்வேன். அதைக் கடை முன்னால் கயிற்றில் மாட்டி, இன்னார் இந்த ஊர், இவருக்கு இப்படி நடந்தது என்று அவர்களே சொன்ன கதையைச் சொல்வேன். கூட்டம் கூடும். முன்பின் தெரியாத ஒருவருடைய கதை என்றால் யாரும் நின்று கேட்பார்கள்.

ஒருநாள் செம்மேட்டில், போன மாசம் அடிவாரத்தில் பிடித்த ஒரு கூடை முடைகிறவரின் படத்தைக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். பலாப்பழம் சுமந்து வந்த ஒரு பெண் கூட்டத்தில் நின்றாள். நல்லம்மா என்று பெயர், மலைமேல் பெரக்கரை நாடு என்கிற பகுதிக்காரி. கதை பாதியில் இருக்கிறபோது பழம் தொப்பென்று கீழே விழுந்தது. அவள் கூடைக்காரரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், புளியமரத்து முன்னால், ஓர் ஆள் நின்றிருந்தான். அதுவரை நானே அவனைக் கவனிக்கவில்லை. முகம் தெரிந்தது, மீசை தெரிந்தது, தோள்துண்டு தெரிந்தது. அத்தனைக்கும் ஊடே மரத்தின் பட்டையும் வெடிப்பும் தெளிவாகத் தெரிந்தன.

அவள் விரலை வைத்துத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணா, இது எங்கூட்டுக்காரருங்க. அவுருக்குள்ள ஏனுங்க மரம் நிக்குது?"

ஊர்க்கவுண்டர் பார்த்த படம்

அவள் புருஷன் சடையன் மூன்று வருஷத்துக்கு முன்னால் மலையிறங்கிப் போனவன், திரும்பவில்லை. அடுத்தடுத்து மழையும் பொய்த்தது. செத்தவனுக்குக் கருமம் செய்யாமல் இவள் தாலியோடு திரிகிறாள், அவன் ஆவி காட்டில் அலைகிறது, அதனால்தான் சாமை கருகுகிறது என்று ஊரில் பேச்சு. அடுப்புக்கு நெருப்புக் கேட்டால் யாரும் கொடுப்பதில்லை. சுனையில் எல்லாரும் மொண்டு போன பிறகுதான் இவள் குடம் நனையும். இவளோ, "அவுரு வருவாருங்க" என்ற ஒரே சொல்லில் நின்றாள்.

படத்தை எடுத்துக்கொண்டு, பெட்டியோடு என்னையும் ஊருக்கு இழுத்துப் போனாள். ஊர்க்கவுண்டர் வயசானவர், நல்ல மனுஷர். படத்தை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நான் விளக்கினேன்: "இது பேயுமில்லை பிசாசுமில்லைங்க. மூடி திறந்திருக்கிறபோது நாலு எண்ணுகிற வரைக்கும் நின்றிருக்கிறார். பிறகு நடந்துவிட்டார். மிச்ச நேரத்துக்குப் பின்னால் இருக்கிற மரம் பதிந்துவிட்டது. நடந்தார் என்றால் உசுரோடு இருக்கிறார் என்றுதானே அர்த்தம்?"

கவுண்டர் படத்தைக் கீழே வைத்தார். அடுத்த சந்தைக்கு மறுநாள் கருமம் என்று நாள் குறித்தார். பிறகு என்னைப் பார்த்து இரக்கத்தோடு சொன்னார்: "உசுரோட இருக்கறவன் பின்னால மரம் இருந்தா மரத்த மறைப்பானுங்க, படக்காரரே. மறைக்க ஒடம்பு இருந்தாத்தானுங்களே!"

என்னையே பிடித்தது

எனக்கு ரோசம் வந்துவிட்டது. நம் தொழிலைப் பற்றி நமக்கே பாடம் சொன்னால் யாருக்குத்தான் வராது? அங்கேயே கவுண்டர் வீட்டுக் கற்சுவருக்கு எதிரே பெட்டியை வைத்தேன். "நான் போய் நிற்கிறேன். நீங்களே மூடியைக் கழற்றுங்க. பத்து எண்ணி மூடுங்க. நாலில் நான் நடந்துவிடுவேன்" என்றேன். ஊரே கூடிவிட்டது. கவுண்டர் சத்தமாக எண்ணினார். நாலில் நடந்தேன். கழுவி எடுத்தேன். நான் சொன்னபடியே வந்திருந்தது: என் முகம், என் சட்டை, அதற்குள் கல் கல்லாகச் சுவர்.

"பாருங்க!" என்று நீட்டினேன். படம் கை மாறிக் கை மாறிப் போனது. முன்வரிசையில் நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். எனக்குக் குடிக்கக் கூழ் கொண்டுவந்த கவுண்டர் சம்சாரம், கொடுக்க நீட்டின சட்டியை மெள்ள மார்போடு அணைத்துக்கொண்டாள். வெயில் சுள்ளென்று அடித்தது. என் முதுகு மட்டும் சில்லிட்டது. ஒரு நிமிஷம் என் கையை நானே தூக்கிப் பார்த்துக்கொண்டேன் என்றால் நம்புங்கள்.

கவுண்டர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே. நீங்க போய்ச் சேந்து எத்தன வருசமாச்சுங்க?"

இறங்கிப் போனவள்

அத்தனை கூட்டத்தில் நான் சொன்னதை விளங்கிக்கொண்டவள் நல்லம்மா ஒருத்திதான். ஊர் எல்லை வரை என்கூட வந்தாள். "நடந்தாருன்னா எந்தப் பக்கமுங்க நடந்தாரு?" என்று கேட்டாள். படத்தைக் கூர்ந்து பார்த்தேன். அவன் தோளிலிருந்து வலது பக்கமாக, ஊதின புகை மாதிரி ஒரு தீற்றல் போயிருந்தது. அந்தப் பக்கம் கரும்பாலைகள். சொன்னேன். மறுநாள் விடியலில் படத்தை மடியில் கட்டிக்கொண்டு மலையிறங்கிவிட்டாள்.

அடுத்த செம்மேட்டுச் சந்தை. காலையிலிருந்து வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சிவெயிலில் வந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள். மூன்றாவது கரும்பாலையில் அவனைப் பார்த்திருக்கிறாள். பாகு கிண்டிக்கொண்டிருந்தானாம். பக்கத்தில் ஒரு பெண் சோற்றுச் சட்டியோடு நின்றாளாம், இடுப்பில் பிள்ளை, அவன் சாடையில். இவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆலைக்காரர் "யாரது?" என்று கேட்டதற்கு, "தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டுக் கொப்பரைப் பக்கம் திரும்பிக்கொண்டானாம்.

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. "நாளைக்குக் கருமம் நடக்கட்டுமுங்க. ஊருல நீங்க எதும் சொல்லீராதீங்க அண்ணா. செத்துட்டாருங்க" என்றாள். "கண்ணு, உசுரோட பார்த்துட்டுத்தானே வர்றே?" என்றேன். எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "பாத்தனுங்க. அதனாலதான் சொல்றேன்."

மண்ணுக்குள் போன படம்

உடம்புக்குப் பதிலாகப் படத்தை வைத்துக் கருமம் செய்தார்கள். தாலியை அவளே கழற்றினாள், யார் கையும் படவில்லை. படத்துக்குப் பால் தெளித்து, சின்னக் குழியில் முகம் மேலே இருக்கும்படி வைத்தார்கள். முதல் பிடி மண் விழுந்ததும் படக்காகிதம் சுருண்டு நிமிர்ந்தது. ஆள் எழுந்து உட்காருகிற மாதிரி. ஈரம் பட்டால் காகிதம் அப்படித்தான் சுருளும், எனக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாம் நாள் மழை கொட்டியது. நல்லம்மா வீட்டு அடுப்புக்கு நாலு வீட்டிலிருந்து நெருப்பு வந்தது.

கருமத்தன்று எனக்கும் தனியாக ஓர் இலையில் சோறு வைத்து, வைத்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பசி, சாப்பிட்டேன். கவுண்டர் வானத்தைப் பார்த்தபடி சொன்னார்: "உங்குளுக்கும் சேத்தே கும்புட்டுட்டமுங்க. இனி அலைய வேண்டியதில்லீங்க, சாமி."

சடையன்

ஆறேழு மாசம் கழிந்திருக்கும். செம்மேட்டுச் சந்தையில் ஓர் ஆள் என் எதிரே வந்து நின்றான். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்த தலை. முகத்தில் மட்டும் ரத்தமில்லை. மீசையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. ஆலை ஓய்ந்த மாசம். தன் மிளகுக்கொடியையும் பலாமரத்தையும் கேட்டுவாங்க மலையேறி வந்திருக்கிறான்.

ஊருக்குள் நுழைந்ததும் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்களாம். கூடப்பிறந்த தம்பி வாசலில் சாம்பலைக் கோடாகக் கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டானாம். கவுண்டர் மட்டும் எல்லைக்கல் வரை வந்து, ஓர் இலையில் சோறு வைத்து, கும்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாராம். சுனையில் நல்லம்மா குடத்தோடு நின்றிருக்கிறாள். "நான் சடையன்டி" என்று நேர் எதிரே போய் நின்றிருக்கிறான். அவள் கண் இவன்மேல்தான் இருந்ததாம். ஆனால் பார்த்ததெல்லாம் இவனுக்குப் பின்னால் நின்ற பலாமரத்தையாம். காய்களை ஒவ்வொன்றாக வாய்விட்டு எண்ணினாளாம். எண்ணி முடித்துக் குடத்தைத் தூக்கிக்கொண்டு, அவன் நின்ற இடத்தின் வழியாகவே வந்திருக்கிறாள். இவன்தான் விலகிக்கொண்டானாம்.

"என்னய ஒரு படம் புடிங்க. கொண்டுபோய்க் கவுண்டருகிட்டக் காட்டோணும்" என்றான். ஒரு பாறை முன்னால் நிறுத்தினேன். எண்ணினேன். நின்றான், ஆனால் ஐந்தைத் தாண்டினதும் கைகால் நடுங்க ஆரம்பித்தது. கழுவி எடுத்தால் பாறை தெளிவாக இருக்கிறது, ஆள் புகையாக இருக்கிறான். மறுபடி எடுத்தேன். நடுக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. இரண்டாவதில் முகமே இல்லை. உலகச் சண்டை நடந்த காலம், காகிதம் கிடைப்பதே குதிரைக்கொம்பு, இருந்தும் மூன்றாவதையும் எடுத்தேன். அதில் பாறை மட்டும்தான் இருந்தது, அவன் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவனே பிடுங்கிப் பார்த்தான். சந்தை எங்களைச் சுற்றி இரைந்துகொண்டிருந்தது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான், சில்லென்று இருந்தது. "படக்காரரே, நான் நின்னேனுங்களே? நீங்க பாத்தீங்கதானுங்களே, நான் இங்கதான நின்னேன்?"

ஆக, இத்தனை வருஷம் பெட்டி சுமந்து நான் தெரிந்துகொண்டது, வெளிச்சமும் மருந்தும்தான் நம் பொறுப்பு, ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதை ஊர் நம்மைக் கேட்காமலே முடிவு பண்ணிக்கொள்கிறது என்பதுதான்.