பத்திலிருந்து அளப்பவர்

லேத் பட்டறையில் இருபத்தாறு வருடம் இரும்பைக் கடைந்த மனிதரை மாணவர் ரோபோ போட்டிக்குப் பரிசோதகராகப் போட்டது யார் புத்தியோ! பதினோரு வருடமாக அவர் பொறுப்பில் ஒரே ஒரு பெட்டி. உள்ளளவு நாற்பத்தைந்து சென்டிமீட்டர். ரோபோ அதற்குள் உட்கார்ந்தால் களத்துக்குப் போகலாம்; ஒரு மூலை இடித்தாலும் போக முடியாது. அரை மில்லிமீட்டருக்காக அழுதுகொண்டே திரும்பிய பிள்ளைகள் எத்தனையோ. 'அரை மில்லி' என்று சொன்னால்தான் அங்கே அவரைத் தெரியும்.

பிள்ளைகள் மட்டும் லேசுப்பட்டவர்களா? மணி அடித்து ஆட்டம் தொடங்கியபின் ரோபோ எவ்வளவு நீண்டாலும் விதியில் தடையில்லையே. ஒரு வருடம் குடைக்கம்பியால் விரிகிற கை. மறுவருடம் சைக்கிள் டியூபில் காற்றடைத்து ஆளுயரம் எழுந்த கழுத்து. பெட்டியில் பூனை, களத்தில் யானை. "இதுங்களுக்கு இந்தப் புத்தி எங்கேருந்துதான் வருதோ!" என்று அவர் தலையில் அடித்துக்கொள்ளாத வருடமே இல்லை.

இந்த வருடம் வரிசையில் அவருடைய மகளே நின்றாள். வேறு பரிசோதகர் கிடையாது. "நமக்கு அரை மில்லின்னா மகளுக்குக் கால் மில்லிதான் விடுவாரு" என்று எதிரணிகள் சிரித்துக்கொண்டே சம்மதித்துவிட்டன.

அவள் ரோபோவைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று வாரமாக வீட்டையும் பட்டறையையும் தலைகீழாகப் புரட்டித் தேடிய அவருடைய இரும்பு டேப் அதன் வயிற்றில் இருந்தது! அதுதான் ரோபோவின் கை. மோட்டார் சுற்றினால் நாடா விறைப்பாக இரண்டு மீட்டர் மேலே ஏறும். நுனிக் கொக்கி உயரத்துக் கம்பியைப் பிடிக்கும். திரும்பச் சுருட்டினால் ரோபோ அந்தரத்தில் தொங்கும்.

"அடிப்பாவி! எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா குடுத்திருப்பீங்களாப்பா?"

"இங்க அப்பா கெடையாது. சார்."

"சரி சார். பெட்டியில வைக்கட்டுமா சார்?"

வைத்தாள். நுழையவில்லை. முன்னால் நாலு மில்லி இடித்தது.

"எப்படி? இதே அளவுல வீட்ல பெட்டி செஞ்சு தெனமும் வச்சுப் பாத்தோமே!"

"எதால அளந்தீங்க?"

"உங்க டேப்பாலதான்."

போச்சு. அந்தக் கொக்கி ஒருமுறை பிய்ந்துபோய், அவரே ரிவெட் ஆணி அடித்து மாட்டியது. அவசரத்தில் நாலு மில்லி முன்னால் தள்ளி உட்கார்ந்துவிட்டது. டேப் நாற்பத்தைந்து என்று காட்டினால் நிஜத்தில் நாலு மில்லி கூடுதல். அன்று முதல் அவர் கொக்கியை நம்புவதில்லை. பத்தாம் சென்டிமீட்டர் கோட்டிலிருந்து அளந்து, பத்தைக் கழித்துக்கொள்வார். யாரிடமும் சொன்னதில்லை. தன் வேலையில் பிசகு என்று வாயைத் திறந்து சொல்லிவிடுவாரா அவர்?

படிவத்தில் 'தகுதியில்லை' என்று எழுதினார். திருத்திக்கொள்ளப் பத்து நிமிடம் உண்டு. தவறினால் போட்டியே கிடையாது. பரிசோதகர் ரோபோவைத் தொடக்கூடாது, யோசனையும் சொல்லக்கூடாது. சொன்னால் அணியே வெளியே. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

முன்பக்கத்து இரண்டு அலுமினியப் பட்டைகளையும் அறுக்க வேண்டும். மகள் ஆக்ஸா பிளேடை எடுத்தாள். பல்லைத் திருப்பி மாட்டினாள். ஐயோ, பட்டறைக்காரன் பெத்த பொண்ணா இது! நாக்கைக் கடித்துக்கொண்டார். மூன்று நிமிடம் உத்தேசமான இடத்தில் தேய்த்தும் பட்டை அறுபடாமல் போக, தானாகவே அதைத் திருப்பிப் போட்டாள். பிறகு சரியான அளவு பார்க்க ரோபோவிலிருந்து நாடாவை இழுத்தவள், கொக்கியைப் பார்த்தாள். அதில் தள்ளி அடித்திருந்த ரிவெட்டைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

அவள் பத்தாம் கோட்டில் தொடங்கி, ஐம்பத்தைந்தில் குறி வைத்தாள்.

ஒன்பதாவது நிமிடம் ரோபோ பெட்டிக்குள் உட்கார்ந்தது. இறுதிச் சுற்றில் டேப் விறுவிறுவென்று ஏறியது, கொக்கி கவ்வியது, ஆறு கிலோ ரோபோ அசையாமல் தொங்கியது. கூட்டம் எழுந்து கத்தியது. சிறந்த பொறியமைப்புக்கான பரிசைக் கொடுக்க வந்த நடுவர், கொக்கியை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"ரிவெட் கல்லு மாதிரி நிக்குதேம்மா. யாரு அடிச்சது?"

மகள் மைக்கை வாங்கினாள்.

"எங்கப்பா. பலமா அடிப்பாரு சார். சரியான எடத்துல மட்டும் அடிக்க மாட்டாரு. நாலு மில்லி தள்ளி அடிச்சுட்டு, வீட்ல ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல."

பதினோரு வருடத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சேர்த்துக் கூட்டம் சிரித்தது. மறுவருடம் அவர் பெட்டியோடு வந்தபோது, நுழைவாயிலில் ஒரு வாண்டு தன் நண்பனிடம் கிசுகிசுத்தது: "டேய், நாலு மில்லி வர்றாருடா!"