பாக்கெட்டம்மாவின் ஆட்சேபணை

பாக்கெட்டம்மா என்பது கடைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர். மருத்துவமனைக்குப் பின்தெருவில், மருந்துக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, கையை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கிற தையல் கடை அவளுடையது. முன்பக்கம் நைட்டியும் பள்ளிச் சீருடையும் தொங்கும். திரைக்குப் பின்னால் நடந்தது வேறு வேலை. மார்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு உள்ளாடையின் உட்புறம் ஒரு பை வைத்துத் தைத்துக் கொடுப்பாள்.

முதல் பை அக்காவுக்காகத் தைத்தது. சிகிச்சை முடிந்து வந்த அக்கா பஞ்சை அடைத்துப் பார்த்தாள். குனிந்ததும் அது நழுவி விழுந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தங்கைக்குப் பொறுக்கவில்லை. நிறையத் துணியைப் பாழாக்கிய பிறகு, அக்குள் பக்கம் சாய்வாகத் திறக்கிற ஒரு பை அமைந்தது. உள்ளே கடுகு நிரப்பிய சின்ன உறை. பாரம் சரியாக நின்றது, குனிந்தாலும் அசையவில்லை. அக்கா கண்ணாடி முன்னால் நின்று, "ஏண்டி, எந்தப் பக்கம்னு எனக்கே மறந்துடும் போலிருக்கே!" என்று சிரித்தாள். அதன் பிறகு கேட்டவருக்கெல்லாம் தைத்தாள். மற்ற தையல்காரிகளுக்கும் ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தாள்.

இப்படியே வருஷங்கள் ஓடின. ஒருநாள் ஒரு கம்பெனியிடமிருந்து நோட்டீஸ் வந்தது. அந்தச் சாய்வுப் பைக்குத் தாங்கள் காப்புரிமை வாங்கியிருக்கிறோம், இனி நீங்கள் தைக்கக் கூடாது என்று. கூடவே ஒரு படம். அவள் கையால் போட்ட தையலைப் பார்த்து வரைந்தது போலவே இருந்தது. அளவே கொடுக்காமல், "அத்தைக்கு" என்று சொல்லி மூன்று தைத்து வாங்கிப் போன ஒரு சிரித்த முகம் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வக்கீலம்மா நோட்டீசைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "காப்புரிமை ஆபீஸ்ல ஆட்சேபணை போடலாம். ஆனா நீங்க முன்னாடியே செஞ்சீங்கன்னா மட்டும் போதாது. அது வெளியில தெரிஞ்சிருந்துச்சான்னு கேப்பாங்க. பத்திரிகையில வந்துச்சா? கடையில தொங்கவிட்டு வித்தீங்களா?"

"இதைப் போய் யாராவது தொங்கவிடுவாங்களாம்மா?"

"அங்கதான் சிக்கல். மறைக்கறதுக்குன்னே செஞ்ச சாமான். போட்டுக்கிட்டவங்களே வந்து சத்தியம் பண்ணிச் சொல்லணும்."

வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒருத்தி காபி கொடுத்து உபசரித்து, "என் மருமகளுக்கே தெரியாதும்மா, என்னை விட்டுடு," என்று கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்தி வாசலிலேயே நிறுத்தி, "எனக்கு அப்படி வியாதியே வந்ததில்லையே," என்றாள். பாக்கெட்டம்மா போன மாதம் தைத்துக் கொடுத்ததுதான் அப்போதும் அவள் சட்டைக்குள் இருந்தது. கற்றுக்கொண்ட தையல்காரிகளுக்கோ கம்பெனியே ஆர்டர் கொடுத்துவிட்டது. அவர்கள் போனையே எடுக்கவில்லை.

அக்காதான் தைரியம் சொன்னாள். "நான் வரேன்டி. முதல்ல போட்டவ நான். நான் சொல்லாம வேற யார் சொல்லுவா?"

அந்த ஒரு வார்த்தையை நம்பி ஆட்சேபணை போனது. ஆனால் சாட்சிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வரச் சொன்னபோதெல்லாம் அக்காவுக்குத் தலைவலி, இல்லாவிட்டால் விருந்தாளி.

விசாரணை நெருங்கிய சமயம் வக்கீலம்மா கூப்பிட்டு, எதிர்த்தரப்பு கொடுத்த காகிதக் கட்டிலிருந்து ஒரு தாளை நகர்த்தி வைத்தார். 'என் தங்கை எனக்கு அப்படிப்பட்ட உள்ளாடை எதையும் தைத்துத் தரவில்லை. எனக்கு அதற்கான தேவையும் ஏற்பட்டதில்லை.' கீழே அக்காவின் கையெழுத்து.

நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா உட்காரச் சொல்லவில்லை.

"கம்பெனி ஆளு வீட்டுக்கே வந்துட்டான். சாட்சி சொன்னா எந்தப் பக்கம், எப்போன்னு எல்லார் முன்னாடியும் கேப்போம்னான். பொண்ணுக்கு இப்பதான் இடம் அமைஞ்சிருக்கு. சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா, பொண்ணுக்கும் வரும்னு சொல்லி விலகிட மாட்டாங்களா?"

"வர முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. நான் தைக்கவே இல்லைன்னு எதுக்கு எழுதிக் குடுத்த?"

"எழுதிக் குடுத்தாத்தான் திரும்ப வர மாட்டோம்னான்." அக்கா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "உனக்குப் போறது ஒரு தையல்தானே."

பாக்கெட்டம்மா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிவிட்டாள்.

விசாரணை அதிகாரி கெட்டவர் இல்லை. அவள் கொண்டுபோன பழைய பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எப்போ தைச்சதுன்னு யாரும்மா சொல்றது?" என்று கேட்டார். கம்பெனி வக்கீல் எழுந்து, "கூடப் பிறந்த அக்காவே மறுக்கிறார், ஐயா," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வேறெதுவும் பேச வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. ஆட்சேபணை தள்ளுபடி ஆனது. மேல்முறையீடு செய்தாலும் இதே கேள்விதான் வரும், சாட்சி இல்லாமல் அங்கேயும் நிற்க முடியாது என்றார் வக்கீலம்மா.

பாக்கெட்டம்மா கடைத் திரையைக் கழற்றிவிட்டாள். இப்போதும் பெண்கள் வருகிறார்கள். கம்பெனிக் கடைக்கு வழி சொல்லி அனுப்புகிறாள். "நீங்களும் கைவிட்டா எப்படி?" என்று சிலர் கோபித்துக்கொள்வார்கள். அவள் சீருடைத் துணியை மெஷினில் நகர்த்துவாள்.

அக்கா மகள் கல்யாணத்துக்குப் போனாள். அந்தப் பெண் மேல் என்ன குற்றம்? கூட்டத்தில் அக்கா அவள் தோளில் கை போட்டு, சம்பந்தியம்மாவிடம் இழுத்துப் போனாள். "என் தங்கச்சி. நல்லா தைப்பா. எது கேட்டாலும் தைச்சுக் குடுப்பா."

"இப்ப சீருடை மட்டும்தாங்க," என்றாள் பாக்கெட்டம்மா. அக்காவின் கையை மெல்ல எடுத்து விட்டுவிட்டு, மணப்பெண்ணைப் பார்க்கப் போனாள்.