வானத்தில் ஆகும் நேரம்

விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிறவனிடம் ஜனங்கள் விலையைக்கூட அப்புறம்தான் கேட்பார்கள், முதல் கேள்வி, "எவ்ளோ நேரம் ஆவும்?" ஐயப்பன்தாங்கல் டிப்போ பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரும் இரண்டு நாற்காலியுமாகக் கடை போட்டிருக்கும் நான், அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவேன். கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிற சக ஜீவன்களே, 'தெரியாது' என்று சொல்ல நமக்கு என்றைக்கு வாய் வந்திருக்கிறது?

காற்றின் மேல் பழி

வானகரம் மார்க்கெட்டில் மீன் விற்கும் கன்னியம்மாக்கா, துபாயில் இருக்கும் மகனைப் பார்க்கக் கிளம்பினார். டிக்கெட்டில் போட்டிருந்த நேரங்களை அப்படியே கழித்து, போக இரண்டரை மணி, வர ஐந்தரை மணி என்றேன். "இன்னா நைனா, போறப்ப எறக்கம், வர்றப்ப மேடா?" என்றார். அங்கே கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால் ஓடுகிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. "எல்லாம் எதிர்க்காத்துக்கா" என்று அடித்துவிட்டேன்.

ஏறி இரண்டரை மணி நேரம் ஆனதும் நடுவானத்தில் பையைத் தூக்கிக்கொண்டு இறங்க எழுந்து நின்றிருக்கிறார் மனுஷி. எல்லோரும் சிரித்தார்களாம். திரும்பி வந்ததும் எனக்காக ஒரு பாக்கெட் பேரீச்சம்பழத்தை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "தெர்லன்னா தெர்லன்னு சொல்லு நைனா, காத்து உன்னிய இன்னா பண்ச்சு?"

ராகுவோடு கோவைக்கு

ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கும் சங்கரலிங்கம் சார் திருநெல்வேலிக்காரர். மகனுக்குக் கோவையில் பெண் பார்க்க, ஞாயிறு சாயங்காலம் போக வேண்டும் என்றார். "ஒரு மணி பத்து நிமிஷம்தான் சார், காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள கோவை" என்று பீற்றிக்கொண்டு டிக்கெட் போட்டேன். நாலு நாற்பதுக்கு ஏற்றம், ஐந்து ஐம்பதுக்கு இறக்கம். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு. அதைக் கண்டுபிடித்தது பெண்ணின் தாய்மாமன். சம்பந்தம் தட்டிப்போயிற்று.

சார் கடைக்கு வந்தார். சத்தம்கூடப் போடவில்லை. "அன்னைக்கு முழுக்க ராகு காலம் ஒன்றரை மணிதான் தம்பி. அதுக்குள்ளயே ஏத்தி, அதுக்குள்ளயே எறக்கியும் விட்டுட்டியளே!"

எதிர்வீட்டு செல்வி

எதிர்வீட்டு தணிகாசலம் அண்ணன் தவறிவிட்டார். ஒரே மகள் செல்வி டெல்லியில் இருந்தாள். அப்பா முகத்தை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று போனில் அழுதாள். டிக்கெட் போட்டது நான்தான். மின்மயானத்துக்கு நேரம் சொல்லியாக வேண்டும் என்று அவள் சித்தப்பா என்னிடம் ஓடிவந்தார்: "பொண்ணு எத்தினி மணிக்கு வந்து சேரும்பா?" டெல்லியிலிருந்து இரண்டே முக்கால் மணி நேரம், ஒரு மணிக்கெல்லாம் வந்துவிடுவாள் என்றேன். இரண்டு மணிக்கு எடுப்பதென்று முடிவாயிற்று.

விமானம் ஒரு மணிக்குத்தான் இறங்கியது. பெட்டி வர வேண்டும், வண்டி கிடைக்க வேண்டும், போரூர் நெரிசலைத் தாண்ட வேண்டும் என்பதெல்லாம் என் கணக்கில் இல்லை. அரை மணி நேரம் கூடுதலாகக் காத்திருந்தார்கள். மயானத்திலிருந்து போன் மேல் போன். எடுத்துவிட்டார்கள்.

வீடு கழுவிய தண்ணீர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தபோது செல்வி வந்து இறங்கினாள். அதே வண்டியில் மயானத்துக்கு அழைத்துக்கொண்டு ஓடினேன். எல்லாம் முடிந்திருந்தது. அவள் என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை. கூனிக் குறுகி நின்ற என்னைப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பிளைட்டு நீங்க சொன்ன டைமுக்குத்தாண்ணே எறங்கிச்சு. உங்க மேல தப்பில்ல."

எந்த ஊரிலிருந்து மீனம்பாக்கத்துக்கு எவ்வளவு நேரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். மீனம்பாக்கத்திலிருந்து என் எதிர்வீட்டுக்கு எவ்வளவு நேரம் என்று மட்டும் தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள்.