வெள்ளகவியில் செருப்பைக் கழற்றினாரா?

கொடைக்கானலில் கைடு வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வேனிலிருந்து இறங்குகிறவர்களிடம் என் முதல் வசனம் எப்போதும் ஒன்றாகத்தான் இருந்தது: "வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச ஊருங்க இது. அதுக்கு முன்னால வெறுங்காடு!" எல்லோரும் தலையாட்டுவார்கள். எதிர்க்கேள்வி வந்ததே இல்லை. என் வாய் அப்படி.

மூன்று வருடங்களுக்கு முன் மதுரையிலிருந்து ஒரு வரலாற்று டீச்சர் வந்தார். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவர ஒரு கைடைத் தேடிக்கொண்டிருந்தார். "முதல்ல என்னைக் கூட்டிட்டுப் போங்க. உங்க விளக்கம் பிடிச்சிருந்தா வருசா வருசம் உங்ககிட்டதான் வருவோம்" என்றார். சீசன் முடிந்தால் ஈ ஓட்டுகிற எனக்கு இதைவிட என்ன வேண்டும்? "காலையில வெள்ளனே கெளம்பிருவோம் டீச்சர்" என்றேன்.

வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி என்ற மலைக்கிராமத்துக்கு இறக்கம். ரோடு கிடையாது, நடைதான். ஊர் எல்லை வந்ததும் வழக்கம்போல செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். டீச்சரையும் கழற்றச் சொன்னேன். அந்த ஊருக்குள் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை. ஊர் முழுக்கச் சாமி இருக்கும் இடம் என்பது அவர்கள் நம்பிக்கை.

பேச்சியக்காவின் டீக்கடையில் உட்கார்ந்து என் சரக்கை அவிழ்த்தேன். "அந்தக் காலத்துல பெரியகுளத்துலருந்து இந்தப் பாதையிலதான் வெள்ளைக்காரன் ஏறுனான் டீச்சர். ஆளில்லாத காட்டுல தன்னந்தனியா வழி கண்டுபிடிச்சு..."

பேச்சியக்கா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "ஏண்ணே, இந்தப் பாதையில வந்தவரு எங்க ஊருக்குள்ள நொழைஞ்சுதானே போயிருக்கணும்? செருப்பக் கழட்டுனாரா, இல்லையா?"

"அது... தெரியலக்கா."

"எங்க ஊரு அதுக்கும் முந்தியே கெடக்கு. கழட்டச் சொல்ல எங்காளுக இருந்திருப்பாகள்ல? பெறகென்ன ஆளில்லாத காடு? வழி காட்டுனதும் அவுகதான், சாமான் செமந்ததும் அவுகதான்."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. எத்தனை தடவை அதே எல்லையில் செருப்பைக் கழற்றியிருக்கிறேன், இந்தக் கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை? வேலை போச்சு என்றுதான் திரும்பி ஏறினேன்.

வட்டக்கானல் வந்ததும் டீச்சர் சொன்னார்: "பசங்களக் கூட்டிட்டு வர்றேன். கதைய அந்தக்கா சொல்லட்டும். நீங்க வழிய மட்டும் காட்டுங்க."

அந்த வேலையாவது கிடைத்ததே என்று ஒப்புக்கொண்டேன். அடுத்த மாதம் நாற்பது பிள்ளைகளை ஒரு கீறல் இல்லாமல் இறக்கி ஏற்றினேன். டீக்கடையில் கதையைப் பேச்சியக்காதான் சொன்னார். வழுக்குகிற இடத்திலெல்லாம் கைபிடித்து விட்டேன். கால் பிடித்துக்கொண்ட ஒரு மாணவியின் பையையும் நானே சுமந்தேன். இதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, இன்றைக்கும்.

பிறகு பள்ளி ஆண்டு மலர் தபாலில் வந்தது. நான் பை சுமந்த மாணவிதான் கட்டுரை எழுதியிருந்தாள். முதல் வரியே இதுதான்: "எங்கள் டீச்சர் அடர்ந்த காட்டுக்குள் வெள்ளகவி என்ற ஊரைக் கண்டுபிடித்தார்."

கடைசி வரி வரை தேடினேன். பேச்சியக்கா பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. முதலில் சுருக்கென்றது. அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது என் முதல் வசனம் வேறு. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். ஓர் ஊரை யாரோ கண்டுபிடித்தார் என்று சொல்வதற்கு முன்னால், அவர் பையைச் சுமந்தது யார் என்று கேட்டுவிடுங்கள்.