மீன் கறி தந்த தாளம்

தொண்ணூறுகளில் பாறசாலை அருகே எங்கள் சபைப் பாடகர் குழுவில் டிரம் வாசித்த ஒரே பெண் நான். ஒரு கிறிஸ்துமஸ் பாட்டில் வலக்கை மூன்று முறை அடிப்பதற்குள் இடக்கை சமமாய் இரண்டு முறை அடிக்க வேண்டும். ஒரு கையைக் கவனித்தால் மற்றது அதன் பின்னால் ஓடியது.

"நாளைக்கும் செரியாவல்லேன்னா இந்தப் பாட்டை விட்டிருவோம்" என்றார் குழுத் தலைவர்.

அன்று மத்தியானம் கணவர் அடுக்களையில் எட்டிப் பார்த்து, "மீன் கறியா?" என்றார். எனக்குச் சட்டென்று உறைத்தது.

"ஒருக்கா கூடி சொல்லுங்க!"

'மீன்' என்றதும் இரு கையும், 'க'வுக்கு வலது, 'றி'க்கு இடது, 'யா'வுக்கு மறுபடி வலது. காய் நறுக்கும் பலகையில் அப்படியே தட்டத் தட்ட இரண்டு கையும் ஒரே பேச்சைப் பேசின.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஒரு அடிகூடப் பிசகவில்லை. வெளியே வந்தவர்களை நிறுத்தி, "கொட்டினது எனக்க பெண்டாட்டியாக்கும்!" என்றார் கணவர். நானும் அவர் பக்கத்தில் நிமிர்ந்து நின்றேன். இன்றும் இந்தக் கைகளைப் பார்த்தால் எனக்குப் பெருமைதான்.